அன்னபுஷ்பத்தின் உப்பு நாள்

அன்னபுஷ்பத்துக்குப் பிறந்தநாள் கிடையாது. பிறந்தவள்தான், என்றைக்கு என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டார். அது தன்னுடையது இல்லை என்று அவள் அதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கல்யாண நாள் என்று ஒன்று இருந்தது. கட்டின புருஷன் ஆபிரகாம், லாரியோடு ஓசூர்ப் பக்கம் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதோடு அந்த நாளும் போயிற்று.

குன்றத்தூர்ப் பக்கத்தில் அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடுவில் போதகர், "இந்த வாரம் பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்பார். புதுப்புடவை சரசரக்க ஒவ்வொரு குடும்பமாகப் போய் நிற்கும். அவர் ஜெபிப்பார், சபை பாடும். அன்னபுஷ்பம் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாள். வருஷம் பூராவும் இப்படி உட்கார்ந்தே இருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கு வந்திருக்கும். அவளுக்கும் வந்தது. ஸ்தோத்திர காணிக்கையில் இறங்கிவிட்டாள்.

நடந்த நல்ல காரியத்துக்கு நன்றியாக உறையில் ஏதோ போட்டு, உறையின் மேல் காரணத்தை எழுதிக் கொடுப்பதுதான் ஸ்தோத்திர காணிக்கை. போதகர் அதைச் சபை முன்னால் வாசிப்பார். மற்றவர்கள் பிள்ளை பரீட்சையில் பாஸானது, ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று எழுதுவார்கள். இவள், சிம்னி விளக்கு கவிழ்ந்தும் குடிசை எரியாமல் போனது, தொலைந்த எருமை தானாகவே வீடு வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுப்பாள். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிப்பார். சபையில் பொடிசுகள் களுக்கென்று சிரிக்கும். இவள் கலெக்டர் மாதிரி விறைப்பாக எழுந்து நிற்பாள்.

இந்த வியாதி எங்கள் கம்பெனிக்கும் தொற்றியது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் முளைத்த நேரம். எங்களுடையது சைக்கிள் மணியும் அதற்கான கிளிப்புகளும் தகடு அடித்துச் செய்கிற கம்பெனி. நான் பென்னலூர், பேர் சந்திரம்மாள். அன்னபுஷ்பமும் நானும் பாக்கிங்கில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து மணிகளை அட்டைப் பெட்டியில் அடுக்குவோம். காலையில் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருத்தி, "அன்னக்கா, இன்னிக்கி இன்னா நாளு?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவளுக்கு அன்றைக்கு வேலை ஓடாது.

"இன்னிக்கா? போன வருசம் பஸ்சு பஞ்சராயி, தண்டலத்துலேர்ந்து நடந்தே வந்தோமே, அந்த நாளு. நான் இன்னிக்கும் அங்கியே எறங்கி நடந்துதான் வந்தேன்."

"ஒனக்கு இன்னா பைத்தியமா?"

"நீயும் நாளைக்கு நடந்து பாரு, தொப்பை கொறையும்."

ஜனவரி முப்பதாம் தேதி காந்திக்காகப் பதினோரு மணிக்குச் சங்கு ஊதும்போது எல்லோரும் எழுந்து நிற்போம். இவள் அன்று மத்தியானம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படவிட மாட்டாள். மனுஷன் நிலாவில் கால் வைத்த நாளில் வாசல்படியை ஒற்றைக் காலால் தாண்டிக்கொண்டு உள்ளே வருவாள். எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த நாள், சின்னப்பொண்ணுவின் மூக்குத்தி காணாமல் போய் மணிக் குவியலில் கிடைத்த நாள் என்று எதையும் விட மாட்டாள்.

எல்லாவற்றிலும் பெரிய விசேஷம் உப்பு நாள்தான். காந்தி உப்பெடுக்கக் கிளம்பியது மார்ச் பன்னிரண்டு, கடற்கரையில் உப்பை அள்ளியது ஏப்ரல் ஆறு. அஞ்சாம் கிளாஸில் படித்ததில் அவள் மண்டையில் நின்றது அது ஒன்றுதான். அவர் நடந்த அத்தனை நாளும் இவள் மத்தியானக் கஞ்சியில் உப்பு போட மாட்டாள். ஏப்ரல் ஆறாம் தேதி நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து பொட்டலத்தில் உப்புக் கொண்டுவந்து, ஆளுக்கு ஒரு சிட்டிகை அவளுடைய கஞ்சித் தூக்குச்சட்டியில் போடுவோம். "வெள்ளைக்காரன் வரான், சீக்கிரம் போடுங்கடி" என்பாள். சூப்பர்வைசர் சுப்பிரமணி வந்து எட்டிப் பார்ப்பான். அவன்தான் வெள்ளைக்காரன். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலிக்கும்.

நான் சொல்ல வந்தது எண்பத்தைந்தாம் வருஷத்துக் கதை.

கம்பெனி வாசலில் ஒரு போர்டு இருந்தது. விபத்தில்லாத நாட்கள் என்று எழுதி, வாட்ச்மேன் தினமும் காலையில் ஒரு எண்ணைக் கூட்டி மாட்டுவார். மார்ச் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமையோடு வருஷம் முழுசாக முடியப்போகிறது. அன்றைக்கு விழா. பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். எங்கள் எல்லோருக்கும் நாலு அடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். மூடியில் அவரவர் பேரும், 'விபத்தில்லா ஆண்டு' என்றும் வெட்டியே வைத்திருந்தார்கள். ஸ்டோர் ரூம் ஜன்னல் வழியாக நாங்கள் எட்டி எட்டிப் பார்ப்போம். சின்னப்பொண்ணு, "அத எம் பொண்ணு சீர்வரிசைக்கு எடுத்து வச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாவம், அவளுக்கு வேறு எவர்சில்வர் ஏது?

அந்த விழாவுக்கு முந்தின வாரம் பாதுகாப்பு வாரம். திங்கட்கிழமை காலையில் வெயிலில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்கினார்கள். சட்டையில் குத்த ஒரு பச்சை அட்டை கொடுத்தார்கள். அன்னபுஷ்பம் அதைக் கொண்டையில் குத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில், "இன்னா நாளு?" என்று கேட்டதற்கு, "கேன்டீன் சாம்பார்ல பல்லி வுழுந்த நாளு. எல்லாரும் ரசம் வாங்குங்க" என்றாள். சொன்னபடியே அன்று ஒருத்தரும் சாம்பார் வாங்கவில்லை. கேன்டீன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அது நடந்தது.

கனகம் எங்கள் ஊர்ப் பெண். புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பிரஸ் மிஷினில் டெம்பரரியாக இருந்தாள், அந்த மாதம் பர்மனென்ட் பண்ணுவதாகப் பேச்சு. மிஷின் முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு கம்பிக் கூண்டு இருக்கும். விழாவுக்கு ஒரு நாள் வேலை நிற்கப்போகிறது, அந்த நாளுக்கான மணிகளையும் இப்போதே அடித்துத் தள்ள வேண்டும் என்று சுப்பிரமணி கூண்டைக் கழற்றி வைத்திருந்தான். கூண்டு இல்லாவிட்டால் வேலை வேகமாக ஓடும். பாதுகாப்பு வாரத்தில் கழற்றினான் ஐயா, வேறு எந்த வாரத்தில் கழற்றினாலும் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது!

கனகம் கத்தக்கூட இல்லை. "அக்கா" என்றாள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது வலது கை ஆள்காட்டி விரல் பாதிக்கு மேல் இல்லை. அன்னபுஷ்பம் தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவள் கையைச் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை, அங்கே போனால் கம்பெனி விபத்து என்று பதிவாகிவிடும். முதலாளி வண்டியில் ஒரு தனியார் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் பர்சனல் மேனேஜர் தாமஸ் சார் அன்னபுஷ்பத்தையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். அன்னபுஷ்பத்தின் சபைதான் அவரும். முன் பெஞ்சுக்காரர். நல்ல மனுஷன், கெட்ட மனுஷன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அன்று அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கனகம் வூட்ல அருவாமணைல கைய வெட்டிக்கிட்டாங்கன்னு எழுதியாச்சு. கம்பெனியில நடந்ததுன்னு போனா போர்டு, விழா எல்லாம் போயிடும். முதலாளி என்னையும் வச்சிருக்க மாட்டாரு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"கனகத்துக்கு வேலை?" என்றாள் அன்னபுஷ்பம்.

"கை ஆறினதும் பர்மனென்ட். நான் வார்த்தை குடுக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தால் சரி என்று அவள், "சரி சார், எந்த மனுசாள்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

புதன்கிழமை காலையில் போர்டில் எண் ஒன்று கூடியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு உள்ளே போன அன்னபுஷ்பத்திடம் சின்னப்பொண்ணு, "இன்னிக்கி இன்னா நாளு?" என்றாள். "சும்மா நாளு" என்றாள் அவள். அப்படி ஒரு பதிலை நாங்கள் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை நாடகம் போட்டார்கள். அஜாக்கிரதையாக இருந்த தொழிலாளி ஒருத்தனுக்குக் கை போகிறது. கதை அவ்வளவுதான். கையில் சிவப்பு மையை ஊற்றிக்கொண்டு அவன் உருண்டு புரண்டான், எல்லோரும் கை தட்டினார்கள். அன்னபுஷ்பம் பாதியில் எழுந்து கக்கூஸ் பக்கம் போய்விட்டாள். நான் பின்னால் போனேன். சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தாள். "பொய்க் கைக்குத் தட்டுறானுங்க சந்திரா, நெசக் கை வூட்ல கெடந்து துடிக்கிது" என்றாள்.

வெள்ளிக்கிழமை மகளிர் தினமாம். முதலாளி சம்சாரம் வந்து எங்களுக்கு ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலமே கனகம் கட்டுப் போட்ட கையோடு கம்பெனி வாசலுக்கு வந்தாள். சுப்பிரமணிதான் வெளியே போய்ப் பேசினான்.

"இந்தக் கைய வச்சிக்கினு பிரஸ்ல இன்னா பண்ணுவே? ஆள் உடுறோம், அப்ப வா."

"எப்ப சார்?"

"ஆள் உடுறோம்னு சொன்னேன்ல?"

ஆள் விடவே மாட்டார்கள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்னபுஷ்பம் ரோஜாப்பூவோடு தாமஸ் சார் அறைக்குப் போனாள். "வார்த்த குடுத்தியே சார்?" என்றாள். அவர் பேனாவை மூடினார், திறந்தார். "முதலாளி ஒத்துக்கல. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். அவளை அவர் உட்காரச் சொன்னார். அவள் உட்காராமல் பூவை மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மைதானத்தில் ஷாமியானா கட்டினார்கள். அன்று ஷிப்டு முடிந்து பஸ்சுக்கு நிற்கும்போது அன்னபுஷ்பம், "நாளைக்கி எங்கூடக் கோயிலுக்கு வரியா? கனகத்துக்காக ஜெபம் பண்ணணும், தனியாப் போவ பயமாக் கீது" என்றாள். ஜெபத்துக்குப் போக என்ன பயம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. வருகிறேன் என்றேன்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பான லெந்து காலம் என்பதால் சபையில் பூ அலங்காரம் எதுவும் இல்லை. நானும் அவளும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். தாமஸ் சார் சம்சாரத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறந்தநாள்காரர்கள் போய் நின்று வந்தார்கள். அப்புறம் போதகர் காணிக்கை உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு உறையைப் பார்த்ததும் அவர் உதட்டில் சிரிப்பு வந்தது, அன்னபுஷ்பத்தின் கையெழுத்து அவருக்குத் தெரியும். பொடிசுகளும் தயாராகத் திரும்பிப் பார்த்தன. அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

"சகோதரி அன்னபுஷ்பம். தன்னோடு வேலை செய்யும் கனகம் என்கிற பிள்ளையின் கை செவ்வாய்க்கிழமை கம்பெனி மிஷினில் மாட்டிக்கொண்டபோது, ஒரு விரலோடு போகும்படி கர்த்தர் காப்பாற்றினதற்காகவும்..."

போதகரின் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்சம் மெதுவாக மீதியையும் வாசித்தார்.

"...அவளுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்க வேண்டியும் ஸ்தோத்திர காணிக்கை."

அன்னபுஷ்பம் எழுந்து நின்றாள். எப்போதும் போல விறைப்பாகத்தான் நின்றாள், ஆனால் முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். தாமஸ் சாரின் பிடரி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

போதகருக்கு என்ன தெரியும், பாவம்? வாஞ்சையாக, "நம்முடைய தாமஸ் அவர்களும் அதே கம்பெனியில்தான் பெரிய பொறுப்பில் இருக்கிறார். அவரே முன்னால் வந்து அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கட்டும். சபை எழுந்து நிற்போம்" என்றார்.

ஐயோ, அந்த மனுஷன் நடந்துபோன நடையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். போய் நின்றார், கண்ணை மூடினார். சபை முழுக்கத் தலை குனிந்து காத்திருந்தது. குழந்தை ஒன்று சிணுங்கியது. அவர் சம்சாரம் மெல்லத் தலை தூக்கிப் பார்த்தார்கள். கடைசியில், "ஆண்டவரே" என்றார். மறுபடி, "ஆண்டவரே, எங்க கம்பெனியில கை போன கனகத்த..." என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போதகர்தான் ஜெபத்தை முடித்துவைத்தார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேவிட்டேன். "ஏண்டி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னியே?"

"எந்த மனுசாள்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னேன். ஆண்டவர்கிட்ட சொல்ல மாட்டேன்னா சொன்னேன்?" என்றாள். அப்படியே ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சந்திரா, எம் வேலையும் போயிடுச்சின்னா இன்னா பண்ணுவேன்?"

திங்கட்கிழமை காலையில் விழாவுக்காக எல்லோரும் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தார்கள். வாசல் போர்டில் சைபர் மாட்டியிருந்தது. விடிந்ததும் தாமஸ் சார் தானே இன்ஸ்பெக்டர் ஆபீஸுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டாராம். அதிகாரி வந்தார், ஆனால் ஷாமியானா பக்கம் போகவில்லை. நேராகப் பிரஸ் மிஷின் பக்கம்தான் போனார். மத்தியானம் ஷாமியானாவைப் பிரித்தார்கள். டிபன் கேரியர்களை ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். கனகத்துக்கு ஈ.எஸ்.ஐ.யில் வைத்தியம் நடந்தது, கை ஆறினதும் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவும் ஆனது. தாமஸ் சாரை அம்பத்தூர் ஆபீஸுக்குத் தூக்கியடித்தார்கள். முதலாளிக்கு அன்னபுஷ்பத்தின் மேல் கோபம் இருந்தாலும், இன்ஸ்பெக்டர் ஆபீஸ் கண் கம்பெனி மேல் இருந்ததால் கை வைக்கவில்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே! சின்னப்பொண்ணு கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்.

"நாக்க அடக்க முடியல இவளுக்கு. கோயில்ல போயி ஒப்பாரி வச்சிட்டு வந்துட்டா. எம் பொண்ணு சீருக்கு வச்சிக்கினு இருந்தேன், அதுல மண்ண வாரிப் போட்டுட்டாளே!"

"ஒம் பொண்ணு வெரலு போயிருந்தா கேரியர் கேப்பியாடி?" என்று நான் பாய்ந்தேன். அன்னபுஷ்பம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மார்ச் பன்னிரண்டு. காந்தி கிளம்பிய நாள். காலையில் யாரும், இன்னா நாளு என்று கேட்கவில்லை. நான் கேட்டேன். அவள் சிரித்து, "நீ கேக்கறதுல இன்னா கீது, நீ நம்ம ஆளு" என்றாள். மத்தியானம் உப்பில்லாத கஞ்சியைத் தூக்கில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். அவளைப் பார்த்தால் மற்றவர்கள் பேச்சு நின்றுவிடும். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. "தப்பு பண்ணிட்டேனா சந்திரா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "நீ இன்னும் ஒரு தபா அப்டி கேட்டே, நானும் ஒங்கிட்ட பேச மாட்டேன்" என்று சொன்னேன்.

ஏப்ரல் ஆறு சனிக்கிழமை வந்தது. மறுநாள் அவர்களுக்கு ஈஸ்டர். நான் உப்புப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன். காலையில் பாக்கிங்கில் நுழைந்தால், என் பக்கத்து ஸ்டூலில் கனகம் உட்கார்ந்திருக்கிறாள்! ஆஸ்பத்திரியில் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். பிரஸ்ஸுக்குப் பதில் பாக்கிங்கில் போட்டிருந்தார்கள். அன்னபுஷ்பம் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மணிகளை அடுக்கினார்கள்.

மத்தியானச் சங்கு ஊதியது. அன்னபுஷ்பம் வழக்கம்போலக் கேன்டீன் ஓரத்தில் போய் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். நான் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் கனகம் எழுந்து போனாள். போய் அவள் எதிரில் குந்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அன்னக்கா, இன்னிக்கி இன்னா நாளு?" என்றாள்.

அன்னபுஷ்பத்தின் வாய் கோணிக்கொண்டது. "காந்தி... காந்தி உப்பெடுத்த நாளு" என்றாள்.

கனகம் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அதில் உப்பு இருந்தது. வலது கையாலேயே எடுத்தாள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் பாதி விரல்தானே, பிடி நிற்கவில்லை, உப்பு பொலபொலவென்று தரையில் கொட்டியது. இடது கையால் எடுக்கலாம், அவள் எடுக்கவில்லை. மறுபடி அள்ளினாள், மறுபடி கொட்டியது. அன்னபுஷ்பம் தூக்கை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கண்ணீர் தாடையில் இறங்கியது, துடைக்கவில்லை. மூன்றாம் தடவை கனகம் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிடித்து ஒரு சிட்டிகையைத் தூக்குக்குள் போட்டுவிட்டாள்.

அப்போது பெஞ்சு நகர்ந்தது. சின்னப்பொண்ணு.

"தள்ளுடி, நீ போட்டு முடிக்கறதுக்குள்ள கஞ்சி ஆறிடும்" என்று கனகத்தை இடித்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் இடுப்பில் ஒரு பொட்டலம் இருந்தது. சண்டைக்காரி, காலையிலேயே கொண்டுவந்திருக்கிறாள்! ஒரு சிட்டிகை போட்டாள். போட்டுவிட்டு, "இந்த வெள்ளக்காரன் எங்க போனான்?" என்று சுப்பிரமணியைத் தேடினாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் பார்த்தால் வரிசையாக எல்லோரும் எழுந்து வருகிறார்கள், எல்லோர் கையிலும் பொட்டலம். நான்தான் கடைசி. தூக்கில் கஞ்சி தெரியவில்லை, மேலெல்லாம் உப்பு.

அன்னபுஷ்பம் அதைக் கையால் கலக்கி ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது. "குடிக்காதக்கா, கரிக்கும்" என்று கனகம் தூக்கைப் பிடித்தாள்.

"உடு" என்றாள் அன்னபுஷ்பம். மறுபடி தூக்கை வாயில் வைத்தாள். அத்தனை பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தாள்.